நாலு கலர்

திருமூர்த்தியை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டில்தான். 1992 தை மாதம். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் அக்காவின் கல்யாணம். திருப்பூர் முஸ்தபா பாயின் ஸ்டுடியோவில் வீடியோவுக்குச் சொல்லியிருந்தோம். வேனிலிருந்து இறங்கியவனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். அப்பாவுக்கு அதில் வருத்தம்.

"பெரிய ஆளை அனுப்பறேன்னாருங்களே பாய்" என்றார்.

"நானே போதுமுங்க" என்று சொல்லிவிட்டு அவன் கேமராவைத் தோளில் ஏற்றினான்.

அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம் அவன் சொன்னபடி நடந்தது. சீர் செய்து வைக்கிற அருமைக்காரருக்கு எழுபது வயது. அவர் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் மறுசொல் கிடையாது. அவரையே, "ஏனுங்க, தாலியைக் கொஞ்சம் லைட்டுக்கு நேராக் காட்டுங்க" என்றான். அவர் காட்டினார். மாப்பிள்ளையை இரண்டு முறை மாலை மாற்ற வைத்தான். சமையல்கட்டு, சாமி அறை, பெண்ணை அலங்கரிக்கிற அறை என்று கேமரா போகாத இடம் இல்லை. வீடியோ வந்த புதிது அது. அதற்கு வழி விடாதவர்கள் யாரும் இல்லை.

முதல் பந்தியில் உட்காரவைத்து எங்கம்மா தானே அவனுக்குப் பரிமாறினாள்.

"எந்த ஊரு கண்ணு?"

"தாராபுரம் பக்கமுங்க."

"ஊருக்குள்ளேயா?"

"இல்லீங்க. வெளியில, காட்டோரமா."

"எங்களுக்கும் காட்டுக்குள்ளதான் ஊடு" என்று அம்மா இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அவன் குனிந்தபடி சாப்பிட்டான்.

அந்த வருஷம் ஜூனில் திருப்பூரில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். வேறு யாரையும் தெரியாததால் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வருஷமும் அந்த இடத்திலேயே உட்கார்ந்தோம்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கப்பா பத்திரத்தில் கைநாட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையைத் திருமூர்த்தியிடம் சொன்னபோது, "எங்க ஊட்லயும் நான்தான்டா மொதலு" என்றான். நாங்கள் இருவரும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வந்த வழி வேறு. அப்பா இறந்துபோனதும் ஐந்தாம் வகுப்போடு நின்று, பத்து வயதில் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்ந்தவன். தையல் போடுகிற டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியின் ஓரத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை செய்துகொண்டே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதிப் பாஸ் செய்தான். பதினேழு வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் முஸ்தபா பாயின் லைட்டைத் தூக்கப் போனவன், ஒரே வருஷத்தில் கேமராவைத் தூக்கினான். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் காலேஜ். அவனுடைய சோறு, ரூம், படிப்பு எல்லாமே அந்தக் கேமராவில்தான் நின்றது.

அவனிடம் சில பழக்கங்கள் இருந்தன. அவை பழக்கங்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வகுப்பில் குரூப் போட்டோ என்றால், "நான் எடுக்கறேன், நீங்க நில்லுங்க" என்பான். மூன்று வருஷத்தில் ஒரு போட்டோவிலும் அவன் இல்லை. "என்ன ஆளுங்க நீங்க?" என்று கேட்டால் தாராபுரம் என்பான். திருப்பூரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் வாடகைக்கு ரூம் விடமாட்டார்கள். ஊர் பெயரையே பதிலாக எடுத்துக்கொண்டு அவரவருக்குப் பிடித்த சாதியை அவரவரே நினைத்துக்கொள்வார்கள். பாதிப்பேர் எங்கள் சாதி என்று நினைத்தார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

வருஷத்துக்கு இரண்டு முறை அட்டெண்டர் வகுப்பு வாசலில் நின்று சர்க்குலர் படிப்பார். "எஸ்.சி., எஸ்.டி. பசங்கெல்லாம் ஸ்காலர்ஷிப் பாரத்துல கையெழுத்துப் போட ஆபீசுக்கு வாங்க." ஏழு பேர் எழுந்து போவார்கள். வகுப்பு முழுவதும் அந்த ஏழு முதுகையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் திருமூர்த்தி மட்டும் நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ் இல்லாத தனித்தேர்வர் என்பதால் பொதுப் பிரிவிலேயே சேர்ந்திருந்தான். சாதிச் சான்றிதழை அவன் கொடுக்கவே இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மூன்றாம் வருஷம், 1994 டிசம்பரில், கோயம்புத்தூரில் கல்லூரிகளுக்கிடையே வீடியோ படப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. தலைப்பு சமூக நீதி. எங்கள் தமிழ் சார் ஒரு குழு அமைத்தார். நான், நஸ்ருதீன், பழனிமுத்து, திருமூர்த்தி, சாரையும் சேர்த்து ஐந்து பேர். எழுதுவது நான். டீக்கடையில் ரெண்டு கிளாஸ் வைக்கிறதைப் பற்றி எடுக்கலாம் என்றேன். எங்கள் ஊர் டீக்கடையிலும் ரெண்டு கிளாஸ் உண்டு. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அது ஒரு கொடுமை என்று காலேஜுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. புதிதாகத் தெரிந்துகொண்டவனுக்கு இருக்கிற வேகம் எனக்கு இருந்தது. ஆனால் எங்கள் ஊரிலேயே எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

பழனிமுத்துவின் மாமன் ஊர் மடத்துக்குளத்துக்கு மேற்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. "அங்க போலாம். எங்க மாமன் ஊட்ல கோழியடிச்சு சோறு போடுவாங்க" என்றான் பழனிமுத்து.

திருமூர்த்தி உடனே, "அவ்வளவு தூரம் எதுக்கு? பொங்கலூர்ப் பக்கம் பாக்கலாம்" என்றான்.

"பொங்கலூர்ல உனக்கு யாருடா கோழியடிக்கறது?"

"படமெடுக்கப் போறமா, விருந்துக்குப் போறமா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான் நஸ்ருதீன்.

சார் மடத்துக்குளம் என்று முடிவு செய்தார். திருமூர்த்தி, "அப்பன்னா ஒரு நாள் முந்தி நான் போய் எடம் பாத்துட்டு வந்தர்றேன். சும்மா போய் நின்னா அந்த வளவுல யாரும் வாயைத் தொறக்கமாட்டாங்க" என்றான். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருக்கிற ஜனங்களின் தெருவை எங்கள் பக்கத்தில் வளவு என்போம். தொழில் தெரிந்தவன் யோசிக்கிறான் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். டீக்கடையை வேனுக்குள் இருந்தபடியே எடுத்தான் திருமூர்த்தி. கூரைச் சரிவில் செருகியிருந்த கிளாஸை ஒருவர் எடுத்து, தானே கழுவி, தள்ளிப் பிடிக்க, கடைக்காரர் தொடாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றினார். கேமரா அசையவே இல்லை. "கை கல்லு மாதிரி இருக்குதுடா உனக்கு" என்றேன்.

வளவில் தெரு பெருக்கியிருந்தது. எல்லோரும் எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கேமராவைக் கண்டால் குதித்துக்கொண்டு முன்னால் வருகிற குழந்தைகள்கூட சுவரோரமாக ஒட்டி நின்றன. பயம், பாவம் என்று சார் என் காதில் சொன்னார்.

கடைசி வீட்டில் ஓர் அம்மா இருந்தாள். பெயர் மருதாள். கரும்பு வெட்டப் போகிறவள். அது அவளுடைய பிறந்த ஊர். புருஷன் செத்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவள். வாசலில் உட்காரவைத்து நான் கேள்வி கேட்டேன்.

"எத்தனை கொழந்தைங்கம்மா உங்களுக்கு?"

"ஒரு பையன் இருந்தானுங்க சாமி."

"இப்ப எங்க?"

"பொழைக்கப் போனானுங்க. வர்றதில்லீங்க."

"அதுல உங்களுக்குக் கோவமில்லீங்களா?"

"கோவம் என்னத்துக்குங்க சாமி. போன எடத்துல நாலு பேர் மாதிரி இருந்தாப் போதுமுங்க."

கேள்வி கேட்டது நான். அவள் பதில் முழுவதையும் கேமராவைப் பார்த்தே சொன்னாள். ஆவணப்படத்தில் அப்படிப் பார்க்கக் கூடாது என்று நான் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். "அம்மா, கேமராவைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"தப்புத்தானுங்க சாமி" என்றாள்.

"இன்னொருக்கா எடுக்கலாம்" என்று திருமூர்த்தியிடம் சொன்னேன். எடுத்தான். அந்தம்மா என் முகத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், ஒரு பையன் இருந்தானுங்க சாமி என்று.

நான் எழுதி வைத்திருந்த கடைசிக் காட்சி இதுதான்: நாங்கள் ஐந்து பேரும் அந்த வளவில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது. ஆனால் நான் கேட்பதற்குள் மருதாள் உள்ளே போய் ஒரு வயர்க்கூடையோடு வந்தாள். கூடையில் நாலு கலர்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். கலர் என்பது பாட்டிலில் வருகிற இனிப்புச் சோடா. வளவுக்குப் போகிற ஊர்க்காரர் அங்கே தண்ணி குடிக்கமாட்டார். மூடி திறக்காத கலர் பாட்டில் என்றால் குடிப்பார். மூடியைப் போட்டது கலர் கம்பெனி, வளவுக்காரர் கை உள்ளே படவில்லை என்பது கணக்கு. ஆபீசரோ கட்சிக்காரரோ வந்தால் கடைக்கு ஓடிப் போய்க் கலர் வாங்கி வந்து வைப்பது அவர்களுக்கு மரியாதை. வாங்கிக் குடிப்பது நமக்குப் பெருந்தன்மை.

வேண்டாங்கம்மா, தண்ணி குடுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பழனிமுத்து பல்லால் மூடியைக் கழற்றிவிட்டான். "வாங்கி வெச்சுட்டாங்க, வீணாப் போவுது" என்றான். சார் ஒன்றை எடுத்தார். நஸ்ருதீன் என்னைப் பார்த்தான். நான் எடுத்தேன், அவனும் எடுத்தான். நாங்கள் குடிப்பதைத் திருமூர்த்தி எடுத்தான். பிறகு பேட்டரி மாற்றுவதற்காகக் கேமராவைக் கீழே இறக்கினான்.

மாற்றி முடித்ததும் நான் அதை வாங்கிக்கொண்டேன். "ஒரு ஷாட்டுலயாவது நீ இருடா" என்று அவன் பக்கம் திருப்பினேன். அப்போது மருதாள் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுவந்து, அவன் கேட்காமலேயே அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, உதட்டில் வைத்துக் கடித்துக் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். மொத்தம் எட்டு விநாடி இருக்கும். என் கை நடுங்கியதால் படமும் நடுங்கியது.

நானும் தோட்டத்து வீட்டுப் பையன்தான். கலர் என்றால் என்ன, தண்ணி என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: எங்கள் ஐந்து பேரில் இவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை.

அதற்கப்புறம் பழனிமுத்துவின் மாமன் வீட்டில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து கோழிச்சோறு சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஸ்டுடியோவில் இரண்டு வீடியோ டெக்கை வைத்து, எடுத்ததை வெட்டி ஒட்டித் திருமூர்த்தி மிக்ஸிங் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஷாட் வந்தது.

"இது வேண்டாம். ஷேக் ஆகுது" என்றான்.

"இருக்கட்டும்டா. நான் எடுத்தது அது ஒண்ணுதான்."

"போக்கஸும் இல்ல."

"படத்தோட உசுரே அதுலதான் இருக்குது. நாங்க குடிச்ச கலரைப் போட்டுட்டு, நீ குடிச்ச தண்ணியை விட்டா அது நியாயமா?"

அவன் டேப்பைப் பின்னால் ஓட்டினான். ஓடவிட்டான். மறுபடியும் பின்னால் ஓட்டினான். மூன்றாம் முறை பார்த்த பிறகு கடைசியில் அதைச் சேர்த்துவிட்டான். என் வாதத்தில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு இரண்டு டீ சொன்னேன்.

பிப்ரவரியில் காலேஜ் ஹாலில் திரையிட்டோம். 'எங்க ஊர்த் தண்ணி', இருபத்து நாலு நிமிஷம். மேடையில் இரண்டு டி.வி. பெட்டி. முன்னூறு பேர் இருப்பார்கள். முடிந்ததும் நல்ல கைதட்டல். முதல்வர் எழுந்து நின்று தட்டினார். நான் மைக்கைப் பிடித்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

"கடைசியாப் பாத்தீங்க. அந்தம்மா எங்களுக்காகக் கலர் வாங்கி வெச்சிருந்தாங்க. நாலு கலர். நாங்க நாலு பேரும் வெக்கமில்லாமக் குடிச்சோம். ஒரே ஒருத்தன்தான் தண்ணி வாங்கிக் குடிச்சான். கடிச்சுக் குடிச்சான். எங்க கேமராமேன் திருமூர்த்தி. இந்தக் கைதட்டல் அவனுக்குப் போகோணும்."

முன் வரிசையில் பேராசிரியர்கள் தட்டினார்கள். பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவினாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பையன்கள். என்னைப் போன்றவர்கள்.

ஒருவன் கேட்டான், சந்தேகம் கேட்கிறவன் மாதிரி மெதுவாக: "போனது அஞ்சு பேரு. அந்தம்மா எதுக்கு நாலு வாங்குச்சு?"

இன்னொரு குரல் சொன்னது: "கணக்கு சரிதான்டா. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தாத்தானே கலர் வாங்குவாங்க. ஊட்டுப் பையனுக்கு என்னத்துக்கு?"

சிரிப்பு பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தது. நான் மைக்கோடு நின்றுகொண்டிருந்தேன். திருமூர்த்தி டெக் பக்கத்தில் குனிந்து டேப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். டேப் முழுவதும் திரும்புகிற வரை அவன் நிமிரவில்லை.

பழனிமுத்து அடுத்த ஞாயிறே மாமன் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். வந்தவன் நேராக என்னிடம்தான் வந்தான்.

"எங்க மாமன் ஊட்ல எங்கூட ஒக்காந்து தின்னான்டா அவன். எங்க அத்தை அஞ்சு தட்டத்தையும் தூக்கிக் குப்பைமேட்டுல போட்டுட்டா. எது அவன் தின்னதுன்னு தெரியலையாம்."

"நம்ம எடுத்த படம் என்னடா சொல்லுது?"

"படம் வேற, தட்டம் வேற" என்றான்.

காலேஜில் யாரும் திருமூர்த்தியை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அட்டெண்டர் சர்க்குலரோடு வந்தபோது அவனைப் பார்த்து, "நீயும் வாப்பா. மூணு வருசமா வாயைத் தொறக்காம இருந்திருக்கறயே, சட்டப்படி உனக்கு வரவேண்டியதுதானே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தமிழ் சார், "இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நீ எங்களுக்கெல்லாம் பெருமை" என்று தோளில் கை வைத்தார். ஒரு மாணவர் சங்கம் அவனை மேடையில் பேசக் கூப்பிட்டது. அவன் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்தேன். முன் பெஞ்சுக்காரர்கள் தங்கள் பெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

முஸ்தபா பாயைப் பார்க்கப் போனேன். "எனக்கு என்ன தம்பி இருக்குது அதுல? என் புள்ளை மாதிரி அவன்" என்றார். "ஆனா கல்யாண ஊட்டுக்காரங்க வந்து கேக்கறாங்களே. எங்க சாமி ரூம்பு வரைக்கும் அனுப்புனீங்களே பாய், தெரிஞ்சுதான் அனுப்புனீங்களாங்கறாங்க. மாசிக்கு நாலு கல்யாணம் சொல்லிருந்தாங்க, நாலும் போச்சு. நான் உள்ளேயே ஒக்காந்து மிக்ஸிங் பாருன்னுதான் சொன்னேன். அவன்தான் சாவியை மேசைமேல வெச்சுட்டுப் போயிட்டான்."

"நீங்க தடுக்கலீங்களா?"

பாய் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. "நம்ம கல்யாணத்துக்கு வந்த பையனா கண்ணு?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது பீரோவில் அக்காவின் கல்யாண கேசட் இல்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அவனுடைய ரூமுக்குப் போனேன். தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கெளம்பீட்ட?"

"ஊட்டுக்காரம்மாவுக்கு ரூம் வேணுமாமுங்க. மகளுக்குப் பிரசவமாம்." சட்டையை மடித்துக்கொண்டே சொன்னான். "அந்தப் புள்ள ஏழாவது படிக்குது."

நான் சிரிக்கவில்லை. அவன் லேசாகச் சிரித்தான்.

"இன்னும் ஒரு மாசந்தான். பரீட்சை எழுதிட்டுப் போடா" என்றேன்.

"அந்த ஹாலுக்குள்ள மறுக்காப் போய் ஒக்கார முடியாதுங்க."

"என்னடா, என்னையப் போய் நீங்க வாங்கங்கற."

"பழகிக்கலாமுங்க."

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னேன். அந்த ஷாட்டைச் சேர்த்திருக்கக் கூடாது என்று சொன்னேன்.

அவன் மடிப்பதை நிறுத்தினான். "ஒரு நாள் முந்தியே போய் ஊடு ஊடாச் சொன்னேனுங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி யாரும் காட்டிக்கக் கூடாதுன்னு. கொழந்தைங்ககிட்டக்கூட சொன்னேன், மாமான்னு கூப்புட்டராதீங்கன்னு. ஒரு கொழந்தையும் கூப்புடல. பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். எங்கள் படத்தில் நடித்தது நாங்கள் இல்லை. அந்தத் தெரு முழுவதும் அவனுக்காக நடித்திருக்கிறது.

"அம்மாவுக்கும் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். என்னைச் சாமின்னு கூப்புடோணும், பையன் வர்றதில்லைன்னு சொல்லோணும். நீங்க ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னப்பவும் சொன்னாங்க. கலர் வாங்கறப்ப என்னையும் சேத்து எண்ணோணும்னு மட்டும் நான் சொல்லலீங்க. அது எனக்கே தோணல."

"அதைத்தான்டா சொல்றேன். நான் அடம்பிடிக்காம இருந்திருந்தா நீ அந்த ஷாட்டை வெட்டிருப்பே."

"நீங்க சொன்னதுக்காகவா வெச்சேன்? நீங்க டீ குடிக்கற நேரத்துல அழிக்கத் தெரியாதுங்களா எனக்கு?" என்றான். "எத்தனை பேருக்குக் கல்யாணப் படம் எடுத்திருப்பேன். அம்மா பக்கத்துல நில்லுங்க, அம்மா கையைப் புடிங்கன்னு எத்தனை பேர்கிட்டச் சொல்லிருப்பேன். எங்கம்மாளும் நானும் சேந்திருக்கற படம் அது ஒண்ணுதானுங்க."

பெட்டியை மூடினான். கொக்கி விழவில்லை. முழங்காலை வைத்து அழுத்திப் பூட்டினான்.

"அந்தப் படத்தை மட்டும் பாத்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. யாரு பாட்டிலை எண்ணப் போறாங்க? நீங்கதான் மைக்கைப் புடிச்சு எண்ணிக் காட்டுனீங்க."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான். நான் ஒரு கை பிடிக்கப் போனபோது வேண்டாமுங்க என்றான்.

கோயம்புத்தூரில் எங்கள் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒளிப்பதிவைத் தனியாகப் பாராட்டி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதையும் நான்தான் போய் வாங்கினேன். பரீட்சையில் நான் முதல் வகுப்பு. கோட்டும் குல்லாயும் போட்டு எடுத்த போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பரிசுக் கேடயமும் அங்கேதான் இருக்கிறது. சான்றிதழை மட்டும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

நான் இப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். 1998 ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம், யாரோ பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னான். கேட்டுக்கு வெளியே திருமூர்த்தி நின்றிருந்தான். தலையை மொட்டையடித்திருந்தான்.

"அம்மா போயிட்டாங்க" என்றான். "சட்டம் போட்டு மாட்டலாம்னா அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. அந்தக் கேசட்டு காலேஜ்ல இருக்குமுங்களா? கேசட்டு கெடைச்சா அதுல இருந்து ஒரு போட்டோ எடுத்துக்குவேன்."

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனேன். நூலகத்து அலமாரியில் கேசட் இருந்தது. உறைமேல் என் கையெழுத்தில் படத்தின் பெயரும் எங்கள் ஐந்து பேர் பெயரும் இருந்தன. ஆடியோ விஷுவல் அறையில் போட்டுப் பார்த்தேன். 1997 ஆண்டு விழா. முதல்வர் ஆண்டறிக்கை படித்தார், பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள், யாரோ பலகுரலில் பேசினான். கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு புள்ளிகள்தான். "புது கேசட் வாங்க பில் பாஸ் ஆகலீங்க. சும்மா கெடந்ததுன்னு அதுலயே பதிஞ்சுட்டாங்க" என்றார் நூலகர். முஸ்தபா பாயிடமும் போய்க் கேட்டேன். அன்றைக்கு எடுத்த மூலக் கேசட்டுகளின் மேல் எப்போதோ கல்யாணங்கள் ஏறிவிட்டன.

சாயந்தரம் திருமூர்த்தி வேலை செய்கிற கம்பெனி வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"சரி, உடுங்க" என்றான். "செக்கிங் ஓடிட்டு இருக்குது. நான் போகோணும்."

இது 1999. திருமூர்த்திக்கு இருபத்தேழு வயது. அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் துணி செக்கிங்கில் இருக்கிறான். கீழே டியூப் லைட் எரிகிற கண்ணாடிப் பலகைமேல் துணி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டையும் கறையும் கண்ணில் பட்டால் மெஷினை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஊருக்கு வெளியே காலனியில் ஒரு வீடு பிடித்துத் தனியாக இருக்கிறான். பி.ஏ. முடிக்கவில்லை. கேமராவைத் தொடுவதில்லை. என்னை வழியில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கறீங்களா சார்" என்று கேட்கிறான்.